மிளகுக்கு ஒரு பதிவு எண்

1

போன மாதம் எங்கள் வார்டில் பிர்கிட் இரண்டு வாரம் விடுப்பு எடுத்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, வீட்டில் கல்யாணம் காதுகுத்தும் இல்லை. நாய்க்குட்டி வாங்கியிருக்கிறாள். அது புது வீட்டில் இரவு தூங்கப் பழக வேண்டும், அவசரம் வந்தால் வெளியே போகப் பழக வேண்டும், அதுவரை பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் இதையெல்லாம் அப்படியே எழுதியிருந்தாள். தலைமைச் செவிலியர் அதைப் படித்துவிட்டு, என் மாமனார் இறந்தபோது நான் கேட்ட நான்கு நாளுக்குக் காட்டிய யோசனைகூடக் காட்டாமல், சரி என்று தலையாட்டினார். பிர்கிட்டின் இரவுப் பணிகள் மூன்று என் தலையில் விழுந்தன.

வாழ்த்து அட்டை ஒன்றும் சுற்றுக்கு வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். என்ன எழுதுவதென்று தெரியாமல் 'எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும்' என்று எழுதினேன். ஊரில் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்வது அது.

ஜெர்மனிக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. இப்படிப்பட்ட செய்திகளை முன்பெல்லாம் உடனே கொல்லிமலைக்குப் போன் போட்டு, தம்பி பொன்னுசாமியிடம் சொல்லிச் சிரிப்பேன். எங்கள் ஊர் அந்த மலையில் பைல் நாடு என்கிற பகுதியில் இருக்கிறது. அங்கே நாய்க்கு இடம் வாசல். நிலைப்படி தாண்டி உள்ளே வந்த நாயை வரவேற்க விளக்குமாறு தயாராக இருக்கும். விடுப்பு எடுத்து நாய் வளர்க்கிறாள் ஒருத்தி என்றால் தம்பி ஒரு வாரத்துக்குச் சிரிப்பான்.

இந்த முறை போன் போடவில்லை. பிர்கிட்டைப் பார்த்துச் சிரிக்கிற தகுதியை இந்த வருடக் கோடை விடுமுறையில் எங்கள் குடும்பம் மொத்தமாக இழந்துவிட்டது. அதில் நான் இழந்தது கொஞ்சம் அதிகம். அதைத்தான் எழுதப் போகிறேன்.

2

என் மகள் இனியாவுக்குப் பதின்மூன்று வயது. தமிழ் புரியும். பேசச் சொன்னால் 'நல்லா இருக்கேன்', 'சாப்பிட்டேன்' என்று இரண்டு வாக்கியம் கைவசம் உண்டு. மாமா போனில் வந்தால் இரண்டையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, போனை என்னிடம் திணித்துவிடுவாள். மாமா என்ன கேட்டார் என்பது அவளுக்கு முக்கியம் இல்லை. 'மழை பேஞ்சுதா கண்ணு?' என்று கேட்டாலும் 'சாப்பிட்டேன்'தான்.

பள்ளி விடுமுறை ஆறு வாரம். என் வீட்டுக்காரருக்கு விடுப்பு கிடைக்கவில்லை, நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். மலையேறும் பஸ்ஸில் இருபதாவது வளைவில் வாந்தி எடுக்கத் தொடங்கியவள் செம்மேட்டில் இறங்கும்வரை நிறுத்தவில்லை. அடுத்த ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். காதில் எப்போதும் பாட்டுக் கேட்கிற அந்த இரண்டு வெள்ளைக் குமிழ்கள். தம்பி மனைவி செல்லம்மா களி கிண்டி, கீரை கடைந்து, தட்டை முன்னால் வைத்துவிட்டுக் கதவோரம் நின்று பார்ப்பாள். இவள் தட்டைப் பார்ப்பாள். தட்டும் இவளைப் பார்க்கும்.

"ஏனுங்க அண்ணி, புள்ளைக்கு எங்க ஊடு புடிக்கலீங்களா?" என்று செல்லம்மா கேட்டாள்.

"பயணக் களைப்பு" என்றேன். ஏழு நாளாகக் களைத்திருக்கிறாள் என்பதை யாரும் நம்பவில்லை, ஆனால் யாரும் மறுத்தும் பேசவில்லை.

ஒவ்வொரு இரவும் அவள் என்னிடம் ஜெர்மனில் ஒரே கேள்விதான் கேட்டாள். இன்னும் எத்தனை நாள்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த ஊரில் வளர்ந்துதானடி நான் மனுஷியானேன் என்று கத்தத் தோன்றும். கத்தினால் அதையும் மொழிபெயர்க்க வேண்டும்.

எட்டாம் நாள் பொன்னுசாமி தோளில் ஒரு சாக்குடன் வந்தான். வாசலில் இறக்கிக் கட்டை அவிழ்த்தான். உள்ளே இருந்து கரிய உருண்டை ஒன்று நடுங்கியபடி வெளியே வந்து, சிமெண்ட் தரையில் நாலு காலும் நாலு திசைக்கு வழுக்க, அப்படியே உட்கார்ந்து ஒன்றுக்குப் போனது. மரவள்ளிக் காட்டில் பன்றி விழுந்து கிழங்கைக் கிளறிப் போடுகிறது, காவலுக்கு ஆகட்டும் என்று வாசலூர்பட்டியில் தன் மச்சான் வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்தான். பிறந்து ஏழு வாரம் இருக்கும்.

இனியா எழுந்து வந்தாள். காதிலிருந்து குமிழ்களை எடுத்தாள். "இதை ஏன் சாக்குல போட்டீங்க?" என்று கேட்டாள். அவள் மாமாவிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

"வழி தெரியக் கூடாது சாமி. பாத்துக்கிட்டே வந்துச்சுன்னா நாளைக்குக் காலையில அவங்க ஊட்டுக்கே திரும்பிப் போயிரும்" என்றான் அவன். "அதுக்குத்தான் நேர் ரோட்டுல வராம சுத்திக்கிட்டு வந்தேன்."

என்னை ஜெர்மனிக்கு அனுப்பும்போது இந்த யோசனை யாருக்கும் வரவில்லை. விமானத்தில் ஜன்னலோர இருக்கையே கிடைத்தது. அதனால்தான் லீவு கிடைக்கும்போதெல்லாம் திரும்பி வந்து தம்பியின் உயிரை வாங்குகிறேன்.

பேர் வைக்கும் விவகாரம் அன்று மாலையே முடிந்தது. "மணின்னு வெச்சுக்கலாம். இந்த ஊருல எல்லா நாயும் மணிதான். கூப்பிட்டா ஒண்ணாவது வரும்" என்றான் தம்பி. இனியா கேட்கவில்லை. முற்றத்தில் காயப் போட்டிருந்ததைப் பார்த்து மிளகு என்று வைத்தாள்.

3

முதல் இரவு தம்பி மிளகை வாசல் கம்பத்தில் கட்டினான். அது அழத் தொடங்கியது. சாதாரண அழுகை இல்லை. பெற்றவளையும் கூடப் பிறந்தவர்களையும் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இழுத்து இழுத்து அழுதது.

"அழுது ஓஞ்சா தானா தூங்கும். நாங்கெல்லாம் அப்படித்தான் தூங்குனோம்" என்றான் தம்பி, போர்வைக்குள்ளிருந்து.

இனியா எழுந்து கதவைத் திறந்து, குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். செல்லம்மா பதறி உட்கார்ந்தாள். "நாய உள்ள கொண்டாராத சாமி, ஊட்டுல வெளக்கு வெச்சிருக்குது." இனியாவுக்கு அந்த நேரத்தில் தமிழ் புரியவில்லை. பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்றைத் தேடி எடுத்து, தன் ஸ்வெட்டரை விரித்து, குட்டியை உள்ளே வைத்து, பாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஒரு கையைப் பெட்டிக்குள் விட்டபடியே படுத்தாள். கையை எடுத்தால் அழுகை. இரண்டு மணிக்கு அது ஸ்வெட்டரில் போனது. நான்கு மணிக்கு என் பாயில் போனது. ஐந்து மணிக்கு யாரும் தூங்கவில்லை.

காலையில் இனியா பலாமரத்துக்கு மேலே உள்ள பாறையில் ஏறி உட்கார்ந்தாள். எங்கள் ஊரில் செல்போனுக்கு உயிர் வருகிற இடம் அதுதான். இறங்கி வந்தபோது அவளிடம் சட்டதிட்டம் முழுதாக இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே தூக்கிப் போக வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் போக வேண்டும். எப்போதும் ஒரே இடம். அங்கே அது வேலையை முடிக்கும்வரை அசையாமல் காத்திருக்க வேண்டும். முடித்த அடுத்த நொடி பாராட்ட வேண்டும். உள்ளே போய்விட்டால் திட்டக் கூடாது, வாயைத் திறக்காமல் துடைக்க வேண்டும்.

"மூக்கைப் புடிச்சு அதுலயே ஒரு தேய் தேச்சா மறுபடி போவுமா?" என்றான் தம்பி.

"அதுக்கு ஒண்ணும் புரியாது. உங்களைப் பார்த்துப் பயப்படும். அவ்வளவுதான்" என்றாள். வார்த்தை வார்த்தையாகத் தேடித்தான் சொன்னாள், ஆனால் சொல்லி முடித்தாள்.

காலண்டர் தாளின் பின்பக்கம் ஓர் அட்டவணை போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். நேரம், ஒன்றா இரண்டா, இடம், பாராட்டியவர் கையெழுத்து. என் வார்டில் இதயநோயாளிகளுக்குப் போடுகிற அட்டவணை இதைவிடச் சுருக்கமானது. இரவுப் பணி அவள், நான், தம்பி என்று மூன்று பேருக்கும் பிரிக்கப்பட்டது. ஊருக்கு ஓய்வெடுக்க வந்த நான், பனியில் முக்காடு போட்டுக்கொண்டு, காப்பிச் செடி ஓரமாக டார்ச் அடித்தபடி, ஒரு நாய்க்கு எப்போது வரும் என்று காத்து நின்றேன்.

அதன்பிறகும் இரவு அழுகை நிற்கவில்லை. மூன்றாம் நாள் இனியா மாமாவிடம் போய் நின்றாள். "இதோட அம்மா படுக்கிற துணி ஏதாவது வேணும். அந்த வாசனை இருந்தா தூங்கும்."

"துணியா? அது சாக்குலதான் படுத்திருக்கும் கண்ணு."

"அந்தச் சாக்கு."

பொன்னுசாமி என்னைப் பார்த்தான். நான் எங்கேயோ பார்த்தேன். கடைசியில் வண்டியை எடுத்துக்கொண்டு வாசலூர்பட்டிக்குப் போனான். போய் என்ன நடந்தது என்று அவனே வந்து சொன்னான்.

"மச்சான், உங்க நாய் படுத்த சாக்கு வேணுமுன்னு கேட்டேனுங்க அக்கா. அவன் என்னை ஏற எறங்கப் பாக்குறான். அவன் சம்சாரம் உள்ளருந்து வந்து அவன் காதுல என்னமோ ஓதுது. நாய் படுத்த சாக்கு, ஆள் நடந்த மண்ணு, இதெல்லாம் யாரு கேப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? செய்வினை வெக்கறவன்தான் கேப்பான். புது சாக்கு ரெண்டு தாரேன், எடுத்துக்கிட்டுப் போன்னு சொல்லிட்டான். பழசுதான் வேணுமுன்னு நான் நின்னேன் பாருங்க, அதோட உறவு முடிஞ்சுது."

ஆனாலும் சாக்கு வந்தது. நாற்றம் ஊரைத் தூக்கியது. அதைப் பெட்டிக்குள் விரித்ததும் மிளகு மூக்கை அதில் புதைத்து மூன்று சுற்று சுற்றிப் படுத்தது. விடியும்வரை ஒரு முனகல் இல்லை. செல்லம்மா எழுந்து வந்து பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "பெத்தவ வாசனை கேக்குது பாருங்க அதுக்கு" என்றாள். மறுநாள் முதல் உள்ளே விளக்கு இருப்பதைப் பற்றி அவள் பேசவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்குக் கூட்டம் வரத் தொடங்கியது. காட்டிலிருந்து திரும்புகிறவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்ப்பார்கள். காப்பிச் செடி ஓரம் மிளகு காலை மடக்கும். இனியா மூச்சைப் பிடித்து நிற்பாள். முடிந்ததும் குனிந்து அதன் தலையைத் தடவி, "சமத்து, நல்லா போனே" என்று சொல்லுவாள். மாமாவையும் சொல்ல வைப்பாள்.

"ஏன் கண்ணு, அது ஒண்ணுக்குப் போனதுக்கு நான் கொஞ்சோணுமா? எனக்கு இந்த வயசு வரைக்கும் ஒருத்தர் கொஞ்சலையே" என்பான் தம்பி. என்றாலும் சொல்லுவான். பத்து நாளில் குட்டி தானாகவே கதவருகே போய் நின்று முனகிக் கூப்பிட்டது. அந்தப் பத்து நாளில் இனியா பேசிய தமிழ் அதற்கு முந்தைய பத்து வருடத்தில் பேசியதைவிட அதிகம். களியையும் உருட்டி விழுங்கினாள், மிளகுக்கும் ஓர் உருண்டை கொடுத்தாள். அவள் சிரிப்பதை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அந்த நிறைவில்தான் புத்தி மழுங்கியது.

4

குட்டி வந்த ஐந்தாம் நாள், பாறைமேல் உட்கார்ந்திருந்தபோது அவள் கேட்டாள். "அம்மா, மிளகை நாம கூட்டிட்டுப் போலாமா?"

"போலாம்" என்றேன்.

எங்கள் மலையில் யாரும் யாரிடமும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. கிடாவெட்டுக்குக் கூப்பிட்டால் வாரேன் என்போம். மகனுக்குப் பெண் கேட்டால் பேசிச் சொல்கிறோம் என்போம். போகாமல் இருந்தாலும், பேசாமல் விட்டாலும், கேட்டவருக்கு விஷயம் புரிந்துவிடும், மனஸ்தாபமும் கிடையாது. இந்த ஏற்பாட்டில்தான் மலை இத்தனை காலம் சண்டையில்லாமல் இருக்கிறது. நானும் அப்படித்தான் சொன்னேன். ஜெர்மனிக்குக் கிளம்புவதற்குள் அவளே மறந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

ஆனால் இனியா வளர்ந்த ஊரில் பல் மருத்துவர் மூன்று பத்துக்கு வா என்றால் மூன்று பத்துக்குக் கதவு திறக்கும். சரி என்றால் அங்கே சரிதான். அவள் உடனே அடுத்த வேலையில் இறங்கிவிட்டாள். "அப்போ நம்ம ஊர் நகராட்சியில நாயைப் பதிவு பண்ணணும். ஆன்லைன்ல பண்ணலாம். பெரியவங்கதான் பண்ணணும்."

அந்த வாரச் சந்தையன்று செம்மேட்டுக்குப் போனோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பக்கம் வாழைத்தார் ஏலமும் மறு பக்கம் பஸ் ஹாரனும் கேட்டுக்கொண்டிருக்க, என் செல்போனில் ஒரு ஜெர்மன் நகராட்சியின் நாய்ப் பதிவுப் படிவத்தை நிரப்பினேன். இனம் என்ற இடத்தில் தொட்டால் சில நூறு பேர்கள் வரிசையாக இறங்கின. எங்கள் நாயின் சாதி அதில் இல்லை. கலப்பு என்று போட்டோம். பிறந்த தேதி கேட்டது. சந்தையின் மறுகோடியில் இருந்த தம்பிக்குப் போன் போட்டேன்.

"கெழங்கு லாரி ஏத்துன அன்னிக்குப் போட்டுதாமுங்க அக்கா" என்றான்.

என் பிறந்த தேதியே பள்ளியில் தலைமை ஆசிரியர் வைத்ததுதான். அதே தாராள மனதோடு நானும் மிளகுக்கு ஒரு தேதி வைத்தேன். தோள் உயரம், நிறம், முன்னாள் உரிமையாளர், வீட்டுக்கு வந்து சேரும் நாள், எல்லாம் எழுதினேன். இனியா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். கடைசியில் அனுப்பு என்ற பட்டனைத் தட்டினேன்.

ஏன் தட்டினேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். பதில் வெட்கக்கேடானது. விண்ணப்பம் என்பது போட்டால் போட்டதுதான், திரும்பி வராது என்ற நம்பிக்கை என் ரத்தத்தில் இருக்கிறது. நான் நர்சிங் சேர ஒரே ஒரு சாதிச் சான்றிதழுக்காக அப்பா எத்தனை நாள் வேலையை விட்டு நடந்தார் என்று எனக்குத் தெரியும். பின்னாலேயே நடந்து, நின்று, கெஞ்சினால்தான் காகிதம் நகரும். யாரும் துரத்தாத விண்ணப்பம் தானாகவே செத்துவிடும் என்று தைரியமாகத் தட்டினேன். பதினான்கு வருடம் அங்கே இருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை.

5

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது கால்நடை மருத்துவரைப் பார்க்கப் போனேன். இனியாவை விட்டுவிட்டுத்தான் போனேன். மருத்துவர் தூத்துக்குடிக்காரர். மலைக்கு மாற்றலாகி மூன்று வருடம் ஆகிறதாம். அவரும் தன்னை வெளிநாட்டில் இருப்பவராகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். "நீங்களாவது ஏறி உக்காந்தா பிளேன் கொண்டுபோய் விட்டுரும் மேடம். நான் ஒவ்வொரு தடவையும் எழுபது வளைவு இறங்கணும்" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் விரல் விட்டுச் சொன்னார். முதலில் தோலுக்கு அடியில் சிப். குட்டிக்குப் பன்னிரண்டு வாரம் ஆன பிறகுதான் வெறிநாய்க்கடி ஊசி. அதிலிருந்து முப்பது நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய நாடுகள் ஒப்புக்கொண்ட பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு சரியாக இருந்தால், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் மற்ற காகிதங்கள்.

"இந்தப் பயணத்துல முடியாதுங்களா?"

"இந்த வருஷத்துல முடிஞ்சாலே பெரிய விஷயம் மேடம்."

"என் பொண்ணு வந்து கேட்டா நீங்க சொல்லிடாதீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சொல்லமாட்டேன். ஆனா நீங்க எப்பச் சொல்லப் போறீங்க?"

நாளைக்கு என்றேன். அந்த 'நாளைக்கு' மூன்று வாரம் நீண்டது. ஒவ்வொரு காலையும் சொல்லிவிடலாம் என்று எழுவேன். அவள் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, விமானத்தில் அதை எப்படித் தூங்க வைப்பது என்று மாமாவிடம் தமிழில் விளக்கிக்கொண்டிருப்பாள். இப்போது வேண்டாம் என்று தோன்றும். உண்மையைச் சொன்னால் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாளோ என்ற பயம்தான். நாயைக் கொடுத்து மகளை வாங்கி வைத்திருந்தேன்.

கடைசி நாள் காலை, பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். "மிளகோட பேப்பர் இன்னும் வரலை. மாமா பின்னாடி அனுப்பி வைப்பாரு."

"எப்படி அனுப்புவார்?"

"நம்ம ஊர்க்காரங்க யாராவது வரும்போது கொடுத்து விடுவாரு."

ஊறுகாயும் மிளகாய்ப் பொடியும் கொடுத்து விடுவார்கள். நாயைக் கொடுத்து விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவளும் கேள்விப்பட்டிருக்க மாட்டாள்.  வெளியே போய் மிளகைக் காப்பிச் செடிக்குத் தூக்கிப் போனாள், அது முடித்ததும் தலையைத் தடவினாள், மாமா கையில் கொடுத்தாள். கீழே இறங்கும்போது ஒரு வளைவில்கூட வாந்தி எடுக்கவில்லை. காதில் மறுபடி அந்த வெள்ளைக் குமிழ்கள்.

6

ஜெர்மனிக்கு வந்து ஒரு வாரம் கழித்து தம்பி போன் செய்தான்.

"அக்கா, அந்த நாயோட பெரிய ரோதனையா இருக்குதுங்க. காப்பிச் செடிகிட்டப் போயி ஒண்ணுக்கு இருந்துட்டு என் மூஞ்சியவே பாக்குது. சமத்துன்னு சொன்னாத்தான் அந்த எடத்த விட்டு நவுருது. அவசரமா காட்டுக்குப் போற நேரம், நான் நின்னு நாயக் கொஞ்சிக்கிட்டு இருக்கேன்."

சிரித்தேன். பிறகு அவன் குரலை இறக்கினான். "கோவிச்சுக்காதீங்க. நீங்க கெளம்புன அன்னிக்கு ராத்திரியே வெளிய கட்டிப்போட்டேனுங்க. காவலுக்கு வந்த நாய் இல்லீங்களா. ரெண்டு நாள் அழுதுச்சு. மூணாம் நாள் தூங்கிருச்சு. பாப்பாகிட்டச் சொல்லாதீங்க."

சொல்லவில்லை. காப்பிச் செடிக் கதையை மட்டும் இனியாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு வாக்கியத்துக்குத் திரும்பியிருந்தாள், இப்போது ஜெர்மனிலும்.

அடுத்த வாரம் தடித்த உறை ஒன்று வந்தது. எங்கள் வீட்டில் அரசாங்கக் கடிதங்களைப் பிரித்துப் படிப்பவள் அவள்தான். மூன்றாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். எனக்கு நோயாளியிடம் பேசுகிற ஜெர்மன் வரும், கடிதங்களில் ஒரு வார்த்தை அரை வரிக்கு ஓடும். உறையைக் கிழித்தாள். உள்ளே இருந்து சின்னதாக ஓர் உலோக வில்லை மேசையில் விழுந்தது. எண் பொறித்திருந்தது. மிளகு என்ற நாய், கருப்பு, கலப்பினம், எங்கள் முகவரியில் வசிப்பதாகப் பதிவாகிவிட்டது. வெளியே கூட்டிப் போகும்போது இந்த வில்லையைக் கழுத்தில் மாட்ட வேண்டும். நாய் இல்லாமல் போனால் வில்லையைத் திருப்பி அனுப்பி, காரணம் எழுதிப் பதிவை நீக்கிக்கொள்ள வேண்டும். அதற்கான படிவமும் இணைத்திருந்தார்கள். யாரும் துரத்தவில்லை, யாரும் கெஞ்சவில்லை. காகிதம் தானாகவே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டது.

  அவள் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு மேசை முன் உட்கார்ந்தாள்.

"காரணத்துக்கு மூணு கட்டம் இருக்கு" என்றாள். "இறந்துவிட்டது. வேறு ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. வேறு ஊருக்கு மாறிவிட்டது."

"வேறு ஊருக்கு மாறிடுச்சுன்னு போடு."

"இங்கே வந்தாத்தானே மாறும்."

மூன்று கட்டத்தையும் விட்டுவிட்டு, கீழே 'பிற' என்ற கோட்டில் எழுதினாள். நிறுத்தி நிதானமாக எழுதினாள். எழுதியதை என் பக்கம் திருப்பினாள். அந்த ஜெர்மனுக்கு எனக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை. 'நாய் இங்கே வரவே இல்லை. வர முடியாது என்று என் அம்மாவுக்குத் தெரியும். வரும் என்று என்னிடம் சொன்னார்.'

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"டாக்டரைப் பார்த்துட்டு வந்தியே, அன்னைக்கே. உன் முகத்தைப் பார்த்துட்டுப் பாறைக்குப் போய்த் தேடினேன். எல்லா ரூலும் இருந்தது." பேனாவை மூடினாள். "நீயே சொல்லுவேன்னு மூணு வாரம் வெயிட் பண்ணேன்."

 என் ஆயுளில் அவ்வளவு சின்னவளாக நான் ஆனதில்லை. அவள் கேள்வியே கேட்காமல் இருந்த அந்த மூன்று வாரமும், விமானத்தில் தூங்க வைப்பது பற்றி மாமாவிடம் அவள் பேசியதெல்லாம், நான் வாயைத் திறப்பதற்காக எனக்குக் காட்டிய வழி. "வேற மாதிரி எழுதக் கூடாதா?" என்று மட்டும் கேட்டேன்.

"வேற எதுவும் நடக்கலையே."

கையெழுத்துப் போட்டேன். அவள் படிவத்தை மடித்து உறைக்குள் வைத்தாள், வில்லையையும் போட்டாள், ஒட்டினாள். எழுந்து போவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"மாமா வீட்டுல மிளகு இப்போ உள்ளே படுக்குதா, வெளியவா?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள்.

உள்ளே என்ற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று எனக்கே பயமாக இருந்தது.

"வெளியே" என்றேன். "நாம கிளம்பின அன்னைக்கு ராத்திரியே வெளியே கட்டிட்டாராம்."

"அழுததா?"

"ரெண்டு நாள் அழுததாம்."

அவள் அழுதாள். சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, நெடுநேரம் அழுதாள். நான் தொடவில்லை, தொட்டால் நகர்ந்துகொள்வாளோ என்று பயம். பிறகு அவளே நாற்காலியை நகர்த்தி என் பக்கம் வந்து தோளில் சாய்ந்தாள்.

"மூணாவது நாள்?" என்று கேட்டாள்.

"தூங்கிடுச்சாம்" என்றேன். நல்லவேளை, அதுவும் உண்மையாக இருந்தது.